கடைவாய் ஒட்டு

ஒன்பதாவது வருஷம்.
மண்டபம், மருந்துக்கடை மாடி, அதே நாற்காலி.
டாக்டர் ஜெசிமா சின்னக் கண்ணாடியை
என் வடகடல் பக்கக் கடைவாயில் விட்டுத் திருப்புகிறார்.
பாம்பனில் பிறந்தவனுக்கு வாயும் தீவுதான்.
ராமேஸ்வரம் பார்த்து நின்றால்
இடது வடகடல், வலது தென்கடல்.

"ஓரத்தில் லேசாகத் தேயிலைக் கறை.
உள்ளே இறங்கவில்லை. விட்டுப் பார்ப்போம்."

விட்டுப் பார்ப்போம்.
படகுக்காரர்களிடம் நானும் சொல்கிற வார்த்தை.

என் பிழைப்பு ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுவது.
ரெசின், ஹார்டனர், கண்ணாடி இழைப் பாய்.
தேய்த்துத் தேய்த்து ரேகை போன பத்து விரல்;
ரேஷன் கடை மெஷின் என்னை ஆளென்றே ஒப்புக்கொள்ளாது.
அன்று பல்லைக் குடைந்து முடித்து
அவர் டப்பியைத் திறந்ததும் என் மூக்கு நிமிர்ந்தது.
நம்ம சரக்கு இல்லை, நம்ம சரக்குக்குத் தம்பி.
சொல்லவும் சொன்னேன். வாய் நிறையப் பஞ்சு.
"வலிக்கிறதா?" என்றார்.

எத்தனை வருஷம் தாங்கும் என்று முந்தியே கேட்டிருந்தேன்.
"ஏழு. பத்து. சிலருக்கு இன்னும் கூட.
முன்பல் என்றால் தைரியமாகச் சொல்வேன்,
இது அரைக்கிற பல்.
நீங்கள் தூக்கத்தில் வேறு கடிக்கிறீர்கள்."

தென்கடல் பக்கம்
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் எப்போதோ அடைத்த வெள்ளி
கறுத்துப்போய் இன்னும் கிடக்கிறது.
அதற்கு ரோஷம் கிடையாது,
ஒட்டாமலே இடுக்கில் உட்கார்ந்து காலம் தள்ளிவிடும்.
ரெசின் அப்படியில்லை.
ஒட்ட வேண்டும், ஒட்டக் காய்ந்த இடம் வேண்டும்,
இறுகும்போது சுருங்கும்,
மொத்தமாக அள்ளி அப்பினால்
ஓரத்தையும் பிய்த்துக்கொண்டு சுருங்கும்.

அவர் அள்ளி அப்பவில்லை.
விளக்கின் கண்ணாடியில் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்:
அரிசி அளவு, ஒரு சுவரோடு சாய்த்து.
நீல வெளிச்சம். இருபது எண்ணிக்கை.
மறுபடி அரிசி அளவு, எதிர்ச் சுவரோடு.

மூன்றாவது அரிசியில் எனக்கு இருமல்.
எச்சில் பொங்கி எல்லாவற்றின் மேலும் ஏறியது.
வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள்.
நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தது.
அப்படியே மேலே வைத்து வெளிச்சம் காட்டியிருந்தால்
யாருக்குத் தெரியும்?
வெள்ளையாகத்தான் இருந்திருக்கும், வழவழவென்று.
டாக்டர் கருவியைக் கீழே வைத்தார்.
"கழுவி, காய வைத்து, திரும்பச் செய்யணும்"
என்றார், யாரிடமும் இல்லாமல்.

வாயைத் திறந்தபடி கிடந்தவனுக்கு
சலேத்மாதா ஞாபகம் வந்தது.
தடைக்காலம் முடிய ஒரு ராத்திரி பாக்கி.
படகின் அடிவயிறு இன்னும் வேர்த்துக்கொண்டிருந்தது.
ஓனர் தலைமாட்டில் நின்றார்.
துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு
ஈரத்தின் மேலேயே பாயை விரித்தேன்.
மேலுக்கு அவ்வளவு அழகு.
பதினோராம் நாள் ஓரம் வாய் திறந்தது.
ஐந்து பேர், ஐஸ் பெட்டி மூடியால்
விடிய விடிய இறைத்து வந்து சேர்ந்தார்கள்.
யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.
பாரில் தட்டியிருக்கும் என்று அவர்களே சொன்னார்கள்.
ஆமாம், பார்தான் என்றேன் நான்.

படி இறங்கும்போது பாதி முகம் என்னுடையதாக இல்லை.
போனில் கையாள் கிங்ஸ்லி:
"அண்ணே, மேகம் கூடுது. அடி இன்னும் ஈரமாத்தான் இருக்கு.
ஒட்டிரலாமா?"
காயட்டும் என்றேன்.
நாக்கு மரத்திருந்ததில் காயத்தும் என்று வந்தது.
"என்னண்ணே?"
காயத்தும்.
"லைன் சரியில்லண்ணே. ஒட்டவா?"
பஸ் ஸ்டாண்டு ஓரமாக நின்று
தொங்கிய கன்னத்தைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு
மூன்றாம் தடவையும் சொன்னேன்.